உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது: நான்கு வருட புரொஜெக்டர் அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்களிடம் இருக்கிற அதே புரொஜெக்டர் இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா? சனிக்கிழமை உங்கள் வீட்டில் படம் போடுகிற மாதிரி நானும் ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன்." ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் கிடந்துவிட்டு, அந்தப் பெட்டி அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. கோபம் ஆறவில்லை. கோபத்தில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குக் குறையே இல்லை. எல்இடி விளக்கு, 1080பி. ஒன்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வைத்தால் நூறு அங்குலத் திரை நிறைந்துவிடும். நூறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் மட்டுமே ஏழேகால் அடி வரும். நான்கு வருடத்தில் ஏறக்குறைய 170 படங்கள், 400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. வெளிச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று, கோணலாக விழுகிற படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியை நம்பிப் பெட்டியைக் கோணலாக வைக்காதீர்கள். படத்தைச் செவ்வகமாக்க அது பிக்சல்களில் ஒரு பகுதியைப் பலிகொடுக்கிறது. சப்டைட்டில் எழுத்து மழுங்கும். திரைக்கு நேரே வைத்துக் கீஸ்டோனைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டால் கத்தி மாதிரி இருக்கும்.

இனி சத்தம்.

பெட்டிக்குள் இருக்கிற ஸ்பீக்கரை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம். படம் முன்னால் தெரியும், குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அதனால் திரைக்குக் கீழே தனி ஸ்பீக்கர் வைத்தேன். அறைக்குக் குறுக்கே ஒயர் ஓட வேண்டாமே என்று புளூடூத்தில் இணைத்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது.

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். ஒருவருக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது, கருவி வைத்திருக்கிறார். வசனத்தில் பாதியைக் காதில் வாங்குவார், மீதியை நடிகரின் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். முதல் இரண்டு மாதம் படம் முடிந்த கையோடு கிளம்பிவிடுவார். எங்கள் சனிக்கிழமையில் படம் பாதிதான். அதற்கப்புறம் நடுராத்திரி வரை நடக்கிற பேச்சுதான் மீதி. அதில் அவர் மட்டும் இல்லை. ஒருநாள் வாசலில் வைத்து, "படம் பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன். "படமெல்லாம் பிடித்திருக்கிறது. தலைதான் வலிக்கிறது. வாய் ஒன்று சொல்கிறது, காதில் வேறு ஒன்று விழுகிறது" என்றார்.

அன்றைக்கே செல்போனில் நான் கைதட்டுவதை வீடியோ எடுத்துப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தேன். கை சேர்ந்து, பிரியத் தொடங்கிய பிறகுதான் சத்தம் வந்தது. படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதே இதற்காகத்தானே, கட்டை மூடுகிற ஃப்ரேமையும் அந்த 'டப்' சத்தத்தையும் ஒன்றாகப் பொருத்துவதற்கு. லேப்டாப்பில் விஎல்சி என்கிற வீடியோ பிளேயர் வழியாக அதே வீடியோவைப் போட்டு 'ஜே' விசையைத் தட்டினேன். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி சத்தம் முன்னால் வரும். நான்கு தட்டு தட்டிய பிறகுதான் கையும் சத்தமும் சேர்ந்தன. 200 மில்லி விநாடி! விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிற படத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து ஃப்ரேம். இரண்டு மாதமாக அவர் ஐந்து ஃப்ரேம் பின்னால் வருகிற குரலைத் துரத்திக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு அளவுகோல் இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். பிந்துவதை நாம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறோம். மின்னலுக்குப் பிறகுதானே இடி கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் உதட்டைப் படிக்கிறவரிடம் இந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த சில மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். சத்தத்தை நாமே முன்னால் இழுக்கிற அந்த வசதி விஎல்சி தவிர வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே இருக்கிற ஆப்களில் ஒன்று சத்தத்தைத் தானாகச் சரிசெய்தது, இன்னொன்று செய்யவில்லை. 'கேம் மோட் போடுங்கள், தாமதம் போய்விடும்' என்று எல்லோரும் சொன்னார்கள். போட்டேன். சாண் ஏறி முழம் சறுக்கிய கதைதான். கேம் மோட் மெருகேற்றும் வேலையைக் குறைத்துப் படத்தைத்தான் வேகப்படுத்துகிறது. படம் முந்திக்கொள்ள, ஏற்கெனவே பிந்துகிற சத்தம் இன்னும் பின்தங்கிவிட்டது. ஒயரில் கேட்கும்போது நிலைமை நேர் எதிர். படத்தை மெருகேற்ற புரொஜெக்டர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சத்தம் முந்திவிடும். அப்போதுதான் கேம் மோட் கைகொடுக்கும். புளூடூத் என்றால் கேம் மோட் வேண்டாம், ஒயர் என்றால் வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

செட்டிங்ஸில் 'ஆடியோ டிலே' என்று ஒன்று இருக்கிறது. பார்த்ததும் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா! பூஜ்யத்தில் தொடங்கி மேலே மட்டும் போகிறது. பிந்துகிற சத்தத்தை இன்னும் பிந்த வைக்கலாம், அவ்வளவுதான். சத்தத்துக்குப் பதிலாகப் படத்தைப் பெட்டி ஐந்து ஃப்ரேம் பிடித்துவைத்து விட்டாலே போதும். மெருகேற்றும் வேலைக்காக எப்படியும் சில ஃப்ரேம்களைப் பிடித்துவைத்துத்தான் விடுகிறது. இதைத் தெளிவாக எழுதி நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: அணைத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியில் ஒயருக்கே வந்தேன். பெட்டியில் ஏஆர்சி, அதாவது ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற வசதி, கிடையாது. 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4-லேயே அந்த வசதி வந்துவிட்டது. அதற்குப் பல வருடம் கழித்துச் செய்த பெட்டியில் அதை வைக்க மனம் வரவில்லை. இருப்பது ஹெட்போன் செருகுகிற 3.5 மி.மீ. ஜாக் ஒன்றுதான். அதில் நீள ஒயரைச் செருகி, கேம் மோட் போட்டு, கைதட்டல் வீடியோவை ஓட்டினேன். கையும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பவில்லை. படத்தின் நடுவில் வரும் ஒரு சின்ன வசனத்தை, நாங்கள் ஐந்து பேரும் கவனிக்காமல் விட்டதை, அவர்தான் எடுத்துச் சொல்லி அரைமணி நேரம் வாதம் செய்தார். இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் நூறு அங்குலத் திரையல்ல, அந்த அரைமணி நேரம்தான்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. போன மாதம் இருட்டில் யாரோ எழுந்து போகும்போது கால் தட்டி ஒயர் இழுபட்டது. ஜாக் தளர்ந்து கரகரவென்று சத்தம். சர்வீஸ் சென்டரில், ஜாக் மெயின் போர்டிலேயே இருக்கிறது, போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, ஜாக்கை மட்டும் எடுத்துப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பற்றவைத்த வேலை சுத்தமாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று வாரமும் 43 அங்குல டிவியில்தான் படம் பார்த்தோம். ஆறு பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தோம். ஏஆர்சியில் இணைத்த ஸ்பீக்கர், உதட்டோடு ஒட்டிய குரல். "இதுவே போதுமே" என்றார் அவர்.

அதனால் கேட்ட நண்பருக்கு: வாங்க வேண்டாம். படம் அற்புதம் என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, இருந்தாலும் வேண்டாம். விலை பாதியாகக் குறைந்தாலும் புளூடூத்தில் சத்தம் அதே 200 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். ஏஆர்சி இருக்கிற பெட்டியாகப் பாருங்கள். என்னுடையதை விற்கிறேனா என்றால், இல்லை. இந்தச் சனிக்கிழமைக்கு ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டி முடித்துவிட்டேன். என் கைதட்டல் வீடியோவை உங்களுக்கு அனுப்புகிறேன். எந்தப் பெட்டியானாலும் பணம் கொடுக்கும் முன் அதை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஸ்பீக்கரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.