போர்ஷே 911-ஆ, லம்போர்கினி ஹுராகானா?

பணம் இருக்கிறது, எதை வாங்கினால் மதிப்பு என்று குழம்புகிறவர்களுக்கு. இந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் 2019-இல் இந்தியாவுக்கு வந்த மாடல்களை எடுத்துக்கொள்வோம்.

2019-இல் விலை (ஷோரூம்): 911 கரேரா எஸ் 1.82 கோடி. ஹுராகான் ஈவோ 3.73 கோடி. இரண்டுக்கும் சாலை வரி, காப்பீடு தனி.

இன்ஜின்: 911-இல் பின்னால் 3 லிட்டர், 6 சிலிண்டர், இரட்டை டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தி கூட்டும் கருவி). ஹுராகானில் நடுவில் 5.2 லிட்டர், டர்போ இல்லாத வி10 (வி வடிவில் 10 சிலிண்டர்).

தெருவில்: ஹுராகான் சிக்னலில் நின்றாலே கைபேசிகள் மேலே எழும், வி10 சத்தம் தெருமுனையிலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கூடவே 'யார் வீட்டுக் காசோ' என்ற முணுமுணுப்பும் வரும். 911-ஐப் பலர் ஏதோ சின்ன கார் என்று தாண்டிப் போவார்கள். கார் தெரிந்தவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். 1960-களிலிருந்து மாறாத அந்தச் சரிந்த கூரைதான் காரணம்.

அன்றாடம்: 911-இல் பின்னால் குழந்தைகள் உட்கார இரண்டு சிறு இருக்கைகள். ஹுராகானில் இருவர்தான். வேகத்தடையில் முன் பம்பரின் கீழ் விளிம்பு உரசும். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி உள்ளதையே வாங்குங்கள், தடையில் சாய்வாக ஏறுங்கள்.

ஊரே உங்களைப் பார்க்க வேண்டுமானால் ஹுராகான். தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட, வாடிக்கையாளர் முகம் சுளிக்காமலிருக்க, 911.