பலெர்மோவின் பல்லாரோச் சந்தை: எந்த மாதம் போனால் என்ன கிடைக்கும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தாலியின் சிசிலித் தீவிலே, அதுவும் அதன் தலைநகரான பலெர்மோவிலே, பிள்ளையோ சகோதரமோ இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் பயணத்தை வைக்கிறார்கள். ஆனி நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி நடுப்பகுதி வரை அங்கே பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பேரப்பிள்ளைகளோடு நிற்கலாம். ஆனால் சாப்பாட்டையும் சந்தையையும் பார்க்கப் போவதென்றால் பங்குனியைத்தான் தெரிவு செய்ய வேண்டும். (மாதப் பெயரெல்லாம் நம்மூர்ப் பேச்சு வழக்குப்படி: தை என்றால் ஜனவரி, பங்குனி என்றால் மார்ச்.)

பலெர்மோவின் பழைய சந்தைகளில் பல்லாரோ இன்னும் வீட்டுச் சமையலுக்குச் சாமான் வாங்குகிற சந்தையாக இருக்கிறது. வூச்சிரியா என்ற மற்றொரு சந்தை இப்போது இரவில் குடிக்க வருகிறவர்களுக்கும் உல்லாசப் பயணிகளுக்கும் உரிய இடமாகிவிட்டது. மரக்கறி வாங்க அங்கே போக வேண்டாம். பல்லாரோ மத்திய புகையிரத நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. காசா புரொஃபெசா தேவாலயப் பக்கம் தொடங்கி, கார்மினே முற்றத்தைக் கடந்து, கோர்சோ துக்கோரி வீதி வரை நீளுகிறது. வழி தவறினால் கார்மினே தேவாலயத்தின் நிற ஓடு பதித்த கும்மட்டத்தைப் பார்த்து நடக்கலாம். மீனும் கீரையும் வாங்குகிறவர்கள் காலை 11 மணிக்கு முன் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு சந்தை கலைந்துவிடும்.

வாங்குகிற முறையில் நம்மவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் செய்வதுபோல் தக்காளியை அமத்திப் பார்த்துப் பொறுக்கினால் கடைக்காரருக்குக் கோபம் வரும். அங்கே அவர்தான் எடுத்துத் தருவார். எது வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். விலை கிலோவுக்கு எழுதியிருக்கும். ஒலிவ், சீஸ், காய்ந்த பழங்களை 100 கிராம் கணக்கில் கேட்பார்கள், அதற்கு ‘எத்தோ’ என்று பெயர். பலகையில் உள்ள சிறிய எண் கிலோவுக்கா எத்தோவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தோ விலையைக் கிலோ விலை என்று நினைத்து ஒரு கிலோ பிஸ்தா கேட்டால் பத்து மடங்கு கொடுக்க வேண்டிவரும். பேரம் பேசிப் பெரிய பலன் இல்லை. மத்தியானம் கடை கட்டுகிற நேரத்தில் விலை தானாகவே இறங்கும். சில்லறைக் காசு வேண்டும். நெரிசலில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

மீனைப் பொறுத்தவரை அறிவிப்புப் பலகையை வாசிக்கப் பழகுவது நல்லது. ஐரோப்பியச் சட்டப்படி மீனின் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல் வலயம் என்பவற்றை எழுத வேண்டும். மத்தியதரைக் கடலுக்கு வலய எண் 37. ‘தெக்கொன்ஜெலாத்தோ’ என்று இருந்தால் உறையவைத்து இளக்கிய மீன்; அதை வீட்டில் மறுபடி உறைய வைக்கக் கூடாது. வாள்மீனை வெட்டித் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதுதான் இந்தச் சந்தையின் படம் எல்லாவற்றிலும் வருகிறது. மத்தியதரைக் கடலில் தை முதலாந் திகதியிலிருந்து பங்குனி 31 வரை வாள்மீன் பிடிக்கத் தடை. அந்த மூன்று மாதமும் ‘இன்றைக்கு இங்கே பிடித்தது’ என்று யார் சொன்னாலும் பலகையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் காசு கொடுக்கத் தகுந்தது சாளை. கண் தெளிவாக, வயிறு உடையாமல், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும் என்ற நம்மூர்ச் சோதனை அங்கேயும் செல்லும்.

பங்குனியை ஏன் முன்வைக்கிறோம் என்றால், குளிர்காலத்துச் சாமான் முடியுமுன் வசந்தத்துச் சாமான் வந்து சேருகிற மாதம் அது. காட்டுப் பெருஞ்சீரகக் கீரை கட்டுக் கட்டாக வருகிறது. அதை அவித்து, அவித்த தண்ணீரிலேயே பாஸ்தாவை வேகவைத்து, சாளை, வெங்காயம், முந்திரிகை வத்தல், பைன் கொட்டை, குங்குமப்பூ சேர்த்து, மேலே வறுத்த பாண்தூள் தூவுவதுதான் பலெர்மோவின் பெயர்பெற்ற சாளைப் பாஸ்தா. பங்குனி 19 சூசையப்பர் திருநாளில் இது வீடுதோறும் இருக்கும். ஆவணியில் உணவகத்தில் அதே பெயரில் தருவது பெரும்பாலும் தகரத்தில் அடைத்த கீரையில் செய்தது. வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.

மரக்கறியாகச் சமைக்கும் ஆட்டிசோக் என்ற செடியின் பூ மொட்டும் அப்போது நல்லது. இதழ் இறுக்கமாக, தண்டு நீளமாக உள்ளதை வாங்குங்கள். வெட்டிய இடம் உடனே கறுக்கும் என்பதால் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சமைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சந்தையிலேயே பெரிய கிடாரத்தில் அவித்த ஆட்டிசோக், உருளைக்கிழங்கு, சுட்ட வெங்காயம் எல்லாம் விற்கிறார்கள். பல்லாரோவில் ஆகப் பயனுள்ள விற்பனை அதுதான். உப்பும் ஒலிவ் எண்ணெயும் விட்டால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது.

சிவப்புத் தோடம்பழம் மார்கழியில் தொடங்கிச் சித்திரை வரை இருக்கும். எட்னா எரிமலையைச் சுற்றிய கிழக்குப் பகுதியில் பகலில் வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு ஊறுகிறது. கூடச் சிவந்தது கூட இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். மோரோ இனம் கறுஞ்சிவப்பு, ஆனால் புளிப்பு. தரோக்கோ வெளிறியது, ஆனால் இனிப்பு அதற்குத்தான் கூட. பலெர்மோவுக்குப் பக்கத்துச் சாகுபடி என்று கேட்டு வாங்க வேண்டியது சியாகுல்லிப் பிந்தல் மண்டரின்: தையிலிருந்து பங்குனி வரை, தோல் மெல்லிசு, விதை குறைவு.

இனிப்பிலும் இந்தக் காலம்தான் மேல். செம்மறிப் பாலில் எடுக்கும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாற்கட்டி, புல் பச்சையாய் நிற்கிற குளிர், வசந்த காலங்களில்தான் நன்றாக இருக்கும். ரிக்கோத்தா நிரப்பிய குழல் பலகாரமான கன்னோலி வாங்கும்போது கண்ணாடிப் பெட்டியில் ஏற்கனவே நிரப்பி வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். கேட்ட பிறகு நிரப்பித் தருகிற கடையில்தான் குழல் மொறுமொறுப்பாக இருக்கும். நிரப்பி ஒரு மணித்தியாலம் போனால் ஈரம் ஊறிச் சவச்சவத்துவிடும்.

ஆடி, ஆவணியில்தான் போக முடியும் என்பவர்களுக்கு ஒரு நல்ல விசயம் இருக்கிறது: சுரைக்கொழுந்து. நம்மூர்ச் சுரையின் நீண்ட காய் இனத்தைத்தான் அங்கே கோடையில் விளைவிக்கிறார்கள். கொழுந்தையும் இளம் இலையையும் ‘தெனெரூமி’ என்று கட்டாக விற்கிறார்கள். முற்றிய தண்டையும் கீழ் இலையையும் கழித்து, நுனியிலிருந்து ஒரு சாண் வரை மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அவிப்பார்கள். இலையின் சுணை அவிந்ததும் போய்விடும். அந்தத் தண்ணீரிலேயே ஸ்பகெத்தியை விரல் நீளத்துக்கு முறித்துப் போட்டு, வேறு சட்டியில் உள்ளியும் தக்காளியும் ஒலிவ் எண்ணெயில் வதக்கிச் சேர்த்தால் இளகலான, சொதி மாதிரியான பாஸ்தா. இதை யாழ்ப்பாணத்தில் அப்படியே செய்யலாம். நம்மூரில் காயை மட்டும் பறித்துவிட்டுக் கொழுந்தை மாட்டுக்குப் போடுவது பெரிய நட்டம்.

ஆடி 14 இரவு சாந்தா ரொசாலியா தேரோட்டம். 1624 கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று கொண்டாடப்படுகிறவர் அவர். அந்த நாட்களில் உள்ளியும் பாசிலியும் போட்ட நத்தை, வத்தகப்பழம் இரண்டும் தெருவெல்லாம் இருக்கும். பலெர்மோத் தமிழர்கள், சைவர்களும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைக்குகையில் உள்ள அவருடைய கோவிலுக்கு நடந்து ஏறுவதை நகரமே அறியும். ஏறுவதென்றால் விடியற்காலையில் தொடங்குங்கள். கோடையில் 9 மணிக்குப் பிறகு நிழல் போதாது. ஆவணி 15 நாடு முழுதும் விடுமுறை, சாமானை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாகதாளிப் பழம். இங்கே கடற்கரையில் நிற்கும் நாகதாளியின் பெரிய உறவு அது. ஆவணியில் வருவது சிறியது. ஆனியில் முதற் பூவைத் தட்டி உதிர்த்துவிடுவதால் மரம் மறுபடி பூத்து, ஐப்பசியில் பருத்த, சாறு கூடிய பழம் தருகிறது. ‘பஸ்தர்தோனி’ என்று கேளுங்கள். வெறுங் கையால் தொட வேண்டாம், மயிர்முள் நாட்கணக்கில் தைத்து நிற்கும். இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, முள்ளுக்கரண்டியால் பிடித்துத் தோலை உருட்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்றுக்கு மேல் ஒரேயடியாகச் சாப்பிட்டால் விதை வயிற்றைக் கட்டும். மார்கழி 13 லூசியா திருநாளில் பலெர்மோ மக்கள் பாணும் பாஸ்தாவும் தொடுவதில்லை. பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்த நினைவாக, ஊறவைத்து அவித்த முழுக் கோதுமையில் ரிக்கோத்தா கலந்த ‘குச்சீயா’வும் அரன்ச்சீனா என்ற சோற்று உருண்டையும்தான் அன்றைய சாப்பாடு.

மச்சம் சாப்பிடாதவர்கள் பல்லாரோவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். அரன்ச்சீனாவில் ‘பூரோ’ என்று வெண்ணெய்ப் பெயரில் விற்பதற்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த தக்காளிப் பாணில் நெத்தலி சேரும். கன்னோலிக் குழல் மாவில் பன்றிக் கொழுப்பும் மார்சாலா வைனும் சேர்ப்பது பழைய முறை. மண்ணீரல் பாண் மாட்டினுடையது, பொரிப்பதும் பன்றிக் கொழுப்பில். பயமில்லாமல் வாங்கக்கூடியவை அவித்த மரக்கறி, வத்தகப்பழச் சாற்றை மாப்பொருள் போட்டு இறுக்கிய ‘ஜெலோ’, பாதாமில் பழ உருவம் பிடித்த மர்த்தொரானா. பனெல்லே என்ற கடலைமாப் பொரியலும் சைவம்தான். அதே எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

பனெல்லேயை வீட்டில் செய்ய: வறுக்காத கடலை மா 500 கிராம், பச்சைத் தண்ணீர் ஒன்றரை லீற்றர், உப்பு இரண்டு தேக்கரண்டி. மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; சுடுதண்ணீரில் கட்டி பிடிக்கும். வடித்து, இளஞ்சூட்டில் கைவிடாமல் கிண்டி, சட்டியின் ஓரத்தை விட்டுப் பிரிந்து வரும்போது பாசிலி இலையை அரிந்து போட்டு, உடனே எண்ணெய் பூசிய தட்டில் அரை விரல் தடிப்புக்கும் குறைவாகப் பரப்புங்கள். சுணங்கினால் சட்டியிலேயே இறுகிவிடும். நன்றாக ஆறிய பின் வெட்டி, நன்கு காய்ந்த எண்ணெயில் பொரிக்க வேண்டும். எண்ணெயில் உடைந்தால், கிண்டியது போதவில்லை. எள்ளுப் பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து, சூட்டோடு சாப்பிடுவது.

விமான நிலையம் நகருக்கு மேற்கே 35 கிலோமீற்றரில் புந்தா ரைசியில் இருக்கிறது. அங்கிருந்து மத்திய நிலையத்துக்கு நேரே புகையிரதம் உண்டு. பிள்ளைகளுக்கென்று இங்கிருந்து கட்டும் பொதியில் இறைச்சியும் பாற்பண்டமும் வைக்க வேண்டாம், ஐரோப்பிய எல்லையில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலை, மாம்பழம் இரண்டும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். திரும்பி வரும்போது பழமும் விதையும் வேண்டாம். உப்பில் போட்ட கேப்பர் என்ற செடியின் பூ மொட்டு நம்மூர்ச் சூட்டுக்கும் கெடாது, பாரமுமில்லை. சமைக்குமுன் உப்பைக் கழுவி, தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றி ஊறவிட்டால் போதும். மீன் பொரியலோடும் உருளைக்கிழங்குப் பிரட்டலோடும் நன்றாகச் சேரும்.