ரிசாஷேயா, சலாவுனா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் 2024 வீரர் தேர்வில் பிரான்சின் இரண்டு இளம் முன்கள வீரர்கள் முதல் ஆறு இடங்களுக்குள் வந்தார்கள். ஜாக்கரி ரிசாஷேயை அட்லாண்டா ஹாக்ஸ் முதலாவதாக எடுத்தது. திஜான் சலாவுனை சார்லட் ஹார்னெட்ஸ் ஆறாவதாக எடுத்தது. இருவரும் 2005இல் பிறந்தவர்கள், ஆறரை அடியைத் தாண்டியவர்கள். ஒற்றுமை அவ்வளவுதான்.

ரிசாஷேயிடம் நான் முதலில் பார்ப்பது பாதங்களை. மூலையில் நிற்கும்போது, பந்து கைக்கு வருமுன்பே அவை கூடையை நோக்கித் திரும்பிவிடுகின்றன. பிடித்ததும் எறிந்துவிடுகிறார். தன்னைத் தடுக்கும் எதிரணி வீரர் ஒரு கணம் கண்ணை எடுத்தால் அவருடைய முதுகுக்குப் பின்னால் நழுவி உள்ளே போய்விடுகிறார். என்ன அழகான ஆட்ட அறிவு! தந்தை ஸ்டெஃபான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரான்ஸ் அணியில் ஆடியவர். ஆனால் தானே பந்தைத் தட்டிச் சென்று வழி உண்டாக்குவதில் மகன் இன்னும் தேற வேண்டும்.

பிரான்சின் ஷோலே கிளப்பில் வளர்ந்த சலாவுனிடம் துடிப்பு அதிகம், பக்குவம் குறைவு. தற்காப்பில் ஓயாமல் ஓடுகிறார். எறிதல்தான் நிலையாக இல்லை.

பொறுத்திருக்கக்கூடிய அணிக்குச் சலாவுன் சரி. நானோ ரிசாஷேயைத்தான் எடுப்பேன். 2024 நவம்பரில், முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக அவர் 33 புள்ளிகள் குவித்தார்.