மதுரையில் ஆம்புலன்ஸ்: பின்னால் உட்காருவது யார்?

விபத்தோ, நெஞ்சுவலியோ, பிரசவ வலியோ, மதுரை வட்டாரத்தில் முதல் அழைப்பு 108-க்குத்தான். இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவையில் ஓட்டுபவர் வேறு, நோயாளியைப் பார்ப்பவர் வேறு. முன்னால் பைலட், பின்னால் இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். அவர் தன்னிச்சையாக மருந்து ஏற்றுவதில்லை, கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் போனில் கேட்டுத்தான் கொடுக்கிறார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் படிவத்தில் ஏறும். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது டாக்டருக்கு அந்தத் தாள்தான் முதல் தகவல்.

தாமதம் பல நேரம் முகவரியில்தான் தொடங்குகிறது. 'புதூர்' என்று மட்டும் சொன்னால் எந்தப் புதூர்? தாலுகா, ஊர், அடையாளம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலை என்றால் மேலூர் போகும் பக்கமா, மதுரை வரும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் வண்டி சாலை நடுத்தடுப்பின் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பும். 108 பொருத்தமான பக்கத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகும். நமக்குப் பிடித்த இடத்துக்கு அல்ல. அவசரத்தில் அதுவே சரி.

ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்ற, குறிப்பாகச் சென்னைக்கு, தனியார் வண்டி பிடிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ்' என்று எழுதியிருக்கும், உள்ளே டிரைவர் மட்டும் இருப்பார். வெண்டிலேட்டர் இருந்தும் அதை இயக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

ஆக்சிஜன் கணக்கை நீங்களே போடுங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல், எட்டு மணி நேரப் பயணம், அதாவது 4,800 லிட்டர். ஏறக்குறைய 7,000 லிட்டர் பிடிக்கும் டி டைப் வேண்டும். வால்வைத் திறந்து கேஜைப் பாருங்கள். முள் பாதியில் நின்றால் நேரமும் பாதிதான். சக்‌ஷன் கருவியை (தொண்டையில் அடைக்கும் சளியை உறிஞ்சி எடுப்பது) ஓடவிட்டுப் பாருங்கள். போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் படுக்கை இருப்பதை இங்குள்ள டாக்டர் அங்குள்ள டாக்டரிடம் பேசி உறுதிசெய்ய வேண்டும், டிரைவர் அல்ல. கூட வருபவரின் படிப்பையும், வழியில் நிலைமை மோசமானால் அவர் எந்த மருத்துவரிடம் கேட்பார் என்பதையும் விசாரித்து, அந்த மருத்துவரின் எண்ணை வண்டி கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.