ஜன்னல் ஆன்டெனாவா, கூரை ஆன்டெனாவா, டிஷ்ஷா?

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். அதையும் சகித்துக்கொண்டு பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. கடைசிவரை படம் பளிச்சென்று இருக்கும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் கறுப்புத் திரைதான். அதனால் படம் வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், சிக்னல் எவ்வளவு கையிருப்போடு வருகிறது என்று பார்த்துத்தான் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் அறைக்குள் வைக்கும் தட்டை ஆன்டெனாவுக்குக் கடைசி இடம். டிவி ஒளிபரப்பு டவர் பக்கத்திலேயே இருந்து, ஜன்னலும் அதைப் பார்த்தபடி அமைந்தால் சரி. இல்லையென்றால் யாராவது குறுக்கே நடந்தாலே படம் நின்றுவிடும். அளவும் ஒரு பிரச்சினை. ஆன்டெனா ஏறக்குறைய அரை அலைநீளம் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 25 சென்டிமீட்டர், 200 மெகாஹெர்ட்ஸில் 75 சென்டிமீட்டர். 600 போன்ற உயர் அலைவரிசையில் வரும் யுஎச்எஃப் சேனல்களைப் பிடிக்கும் சின்னத் தட்டு, 200 போன்ற கீழ் அலைவரிசையில் வரும் விஎச்எஃப் சேனல்களில் திணறுவது இதனால்தான்.

என் ஓட்டு கூரை ஆன்டெனாவுக்கே. 1926-இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரு பொறியாளர்கள் எழுதி வெளியிட்ட அதே சீப்பு வடிவம்தான் இன்றும் பல கூரைகளில் நிற்கிறது. ஒரே திசையை உற்றுப் பார்ப்பதால் பின்னாலிருந்து வரும் இரைச்சலை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டவர் செங்குத்தாக அனுப்பினால் ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகளும் செங்குத்தாக நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் திசையை மட்டும் திருப்பித் திருப்பி நொந்துபோகிறவர்கள் நிறைய.

நடுவில் மலை இருந்தால் டிஷ்தான் வழி. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வானம் திறந்திருந்தால் போதும். ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 டிகிரிதான், காற்றில் லேசாக அசைந்தாலும் போச்சு. கனமழையிலும் படம் போகும். சேனல்களில் ஒரு பாதி மட்டும் காணாமல் போனால் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி, செட்டாப் பாக்ஸ் அனுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் எந்தப் பாதி சேனல்கள் என்று முடிவு செய்கிறது; அதற்கு 13, 18 வோல்ட் இரண்டும் சரியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த வழியானாலும், படம் உடைந்ததும் பூஸ்டர் வாங்க ஓட வேண்டாம். டிவிக்குப் பின்னால் மாட்டும் பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் சிக்னல் அளவுக்கு மீறி, டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனரே திணறிப்போகும். பூஸ்டர் தேவைப்படும் இடத்தில் அதை ஆன்டெனாவுக்கு அருகிலேயே, கம்பத்தில் மாட்ட வேண்டும். கேபிளை இரண்டு டிவிக்குப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் போகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

முதலில் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் செம்பு நிறக் கம்பி, சுற்றிலும் பின்னல் கம்பி. அந்தப் பின்னலிலிருந்து தலைமுடி அளவு ஓர் இழை விலகி நடுக்கம்பியைத் தொட்டாலே சிக்னல் செத்துவிடும். செம்பு பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். அப்புறம் செட்டாப் பாக்ஸ் மெனுவில் 'ஸ்ட்ரெங்த்' பட்டையை விட்டுவிட்டு 'குவாலிட்டி' பட்டையைக் கவனியுங்கள். அது நன்றாக இருந்தும் ஒரு சேனல் மட்டும் வரவில்லையா? அலைவரிசை மாறியிருக்கலாம். பழைய பட்டியலை அழித்துவிட்டு முழு ஸ்கேன் ஓட விடுங்கள்.