வேரழுகலுக்கு பெராக்சைடா, சூடோமோனாஸா, ஐஸ் பாட்டிலா?

சித்திரை வெயில் ஏறியதும் சென்னை மாடிகளில் ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் உரம் கலந்த தண்ணீரில் செடி வளர்ப்பு, செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, லெட்யூஸ் கீரை மட்டும் மத்தியானம் துவண்டு விழுகிறதே, ஏன்? செடி நிற்கும் துளைக் கிண்ணத்தை (நெட் பாட்) தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேர் பழுப்பேறி, வழவழவென்று, சாக்கடை வாடை அடிக்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக உருவினால் மேல்தோல் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு இழை மட்டும் மிஞ்சும். அதுதான் வேரழுகல். நிறம் மட்டும் மாறி, வேர் விறைப்பாக, வாடை இல்லாமல் இருந்தால் பயம் வேண்டாம். அது பெரும்பாலும் உரக் கரைசலின் கறை.

இதைச் செய்வது அநேகமாக பித்தியம் என்ற கிருமி. பூஞ்சை போலத் தெரிந்தாலும் அது உண்மையான பூஞ்சை இல்லை, நீரில் வாழும் வேறொரு வகை. அதனால்தான் வீட்டில் கைவசம் இருக்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இதனிடம் பலிப்பதில்லை. இதன் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு, தண்ணீரில் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும். ஒரே தண்ணீர் சுற்றும் குழாய் அமைப்பில் ஒரு செடிக்கு வந்தால் வரிசையே ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. வேகம்தான் இதன் பலம். தண்ணீரில் நீந்தும் வித்துகளைக் கொல்லும், கொஞ்சம் ஆக்சிஜனும் தரும், பிறகு தண்ணீராகச் சிதைந்து போகும். அளவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் லிட்டருக்கு 3 மில்லி என்று சொல்வது பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலுக்கு. நம்மூர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 6 சதவீதம். லேபிளைப் பார்த்து அளவைப் பாதியாக்குங்கள், ஒன்றரை மில்லி போதும். கூடினால் இளம் வேர்த்தூவிகள் கருகும். இதன் பலவீனம், ஓரிரு நாளில் வீரியம் போய்விடுவது. வேருக்குள் நுழைந்துவிட்ட பித்தியத்தை இது தொடாது. நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழித்துவிடுவதால், அடுத்து வரும் வித்துக்குப் போட்டியே இல்லாத இடம் கிடைக்கிறது. வாரா வாரம் ஊற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் என்ற நல்ல நுண்ணுயிர்கள் மூன்றும் இதற்கு நேரெதிர். வேரின் மேற்பரப்பில் முன்கூட்டியே குடியேறி, பித்தியத்துக்கு இடமும் உணவும் கிடைக்காமல் செய்யும். செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஎஃப் 1 என்ற சூடோமோனாஸ் வகை மண்ணில் விவசாயம் செய்கிறவர்களுக்கு நன்றாகவே பழக்கம். ஆனால் டால்க் பவுடராக வருவதை அப்படியே தொட்டியில் கொட்டினால் மோட்டாரும் மெல்லிய குழாயும் அடைத்துக்கொள்ளும். தனி வாளியில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். திரவமாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பேசில்லஸ் தடித்த உறை கொண்ட வித்தாக மாறிச் சூட்டைத் தாங்கும் என்பதால், கோடைக்கு என் முதல் தேர்வு அதுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவை காவலுக்குத்தான். அழுகிய வேரை மீட்டுத் தராது.

ப்ளீச்சிங் பவுடரை அறுவடை முடிந்து காலியாக இருக்கும் தொட்டியையும் குழாயையும் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நன்றாக அலசிவிடுங்கள். செடி இருக்கும்போது வேண்டாம். உரக் கரைசலில் அம்மோனியம் இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோராமைன் ஆகி வேரையே கருக்கும்.

இத்தனையும் சொன்னாலும், என் ஓட்டு குளிர்ச்சிக்குத்தான். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேருக்கு ஆக்சிஜன் தேவை கூடும், வெப்பம் விரும்பும் பித்தியம் வகைகளும் கொழிக்கும். ஏர் பம்ப் எத்தனை குமிழ் விட்டாலும், அந்தச் சூட்டில் தண்ணீர் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேல் ஆக்சிஜனை ஏற்ற முடியாது. அதனால் முதல் செலவு நிழல்வலைக்கும், தொட்டியைச் சுற்றும் தெர்மாகோலுக்கும் போகட்டும். வெளிச்சம் புகாமல் மூடினால் பாசியும் வராது. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டால், அது உருகி முடிவதற்குள் 4, 5 டிகிரி வரை இறக்கும். தெர்மாகோல் இல்லாவிட்டால் அந்தக் குளிர்ச்சி சீக்கிரமே போய்விடும். 200 லிட்டர் டிரம்முக்கு இது கட்டுப்படியாகாது, அங்கே நிழலும் மண்ணில் புதைத்த தொட்டியும்தான் வழி.

கரண்ட் அடிக்கடி போகிற இடமாக இருந்தால் ஏர் பம்பை நம்புவதைவிட, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பிரபலமாக்கிய பம்ப் இல்லாத முறை நல்லது. தண்ணீர் குறையக் குறைய நடுவில் காற்று இடைவெளி உருவாகி, மேல் வேர்கள் காற்றைக் குடிக்கும். பாசம் மிகுதியில் தொட்டியை மறுபடி விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள், அந்த வேர்கள் மூழ்கி மூச்சுத் திணறும்.

சரி, ஏற்கெனவே வந்துவிட்டது என்றால்? வேரில் பாதிக்கு மேல் போன லெட்யூஸை எடுத்துப் போட்டுவிட்டு, தொட்டியைக் கழுவிப் புதிதாக விதைப்பதே லாபம். தக்காளி, மிளகாய் என்றால் போராடலாம். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, வேரை அலசி, புதுக் கரைசலைப் பாதி வீரியத்தில் கலந்து, பெராக்சைடு ஒரே ஒரு முறை. மூன்று நாள் கழித்து பேசில்லஸ். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரை நாமே கொல்கிறோம்.

தண்ணீரில் வேர்விட வைக்கும் கட்டிங்குக்கு இந்த மருந்து எதுவுமே தேவைப்படுவதில்லை. மணி பிளான்ட், புதினா, திருநீற்றுப் பச்சிலை எதுவானாலும், தண்ணீருக்குள் ஒரு இலைகூட மூழ்கக் கூடாது. கணு மூழ்கினால் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது பாட்டிலின் உள்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால், புது பிளேடால் பச்சைத் தசை தெரியும் இடம் வரை வெட்டி மறுபடி வையுங்கள். வேர் ஓரிரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியும் என்பதால் மண்ணை அழுத்தாமல், முதல் வாரம் ஈரம் காயாமல் நிழலில் வைத்திருக்க வேண்டும்.