பீரியட்ஸ் வலி, தள்ளிப்போகும் தேதி: மாத்திரை, ஹாட் பேக், ஒரு நோட்டு – நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

"மாத்திரை போட்டும் வலி கேட்கலை" என்று சொல்கிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைத்தான். காலையில் அடிவயிறு லேசாக இழுக்கும்போது "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, பதினோரு மணிக்குச் சுருண்டு படுத்த பிறகு போடும் மாத்திரை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் திணறும். இப்படி நாலைந்து மாதம் பார்த்துவிட்டு "நமக்கு மாத்திரையே ஒத்துவராது" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. பரீட்சை ஹாலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் பாதி வலி தவிர்க்கக்கூடியது.

காரணம் எளிது. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையைப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அதனால்தான் அந்த வலி. முதல் நாள் வரும் பேதிக்கும் குமட்டலுக்கும் தலைவலிக்கும் இதுவே காரணம். மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இந்தப் பொருள் புதிதாக உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை ஒன்றும் செய்வதில்லை. வாந்தி ஆரம்பித்துவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்குவதும் சந்தேகம். முதல் கறை தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்ட மாத்திரைக்கும், வலி (பத்துக்கு எவ்வளவு என்ற கணக்கில்) 7-ஐத் தொட்ட பிறகு போட்டதற்கும் அதனால்தான் அவ்வளவு வித்தியாசம்.

மெடிக்கலில் அதிகம் கேட்டு வாங்கப்படுவது மெஃப்டால் ஸ்பாஸ். அதில் மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி., தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மி.கி. இருக்கின்றன. மெஃப்டால் 500-இல் மெஃபனமிக் மட்டும் 500 மி.கி. வலிக்கு வழக்கமாக எழுதப்படும் அளவு, முதலில் 500 மி.கி., பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250. அல்லது 500 வீதம் நாளுக்கு மூன்று வேளை. 2–3 நாளுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்பாஸ் ஒன்றே ஒன்று போட்டு "கேட்கலை" என்றால், அளவு பாதிதான் போயிருக்கிறது என்பதும் ஒரு காரணம். அதற்காக ஸ்பாஸையே இரண்டாகப் போட்டால் டைசைக்ளோமினும் இரட்டிப்பாகும்: நாக்கு வறளும், தூக்கம் தள்ளும், கண் மங்கும், மலச்சிக்கல் வரும். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் அது ஆபத்து. தனி மெஃபனமிக்குக்கு மாற்றித் தரலாமா என்று டாக்டரிடம் கேட்பதே சரி. ஐபுப்ரோஃபென் என்றால் 400 மி.கி., 8 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 1200-ஐத் தாண்ட வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போயிருந்தால் போதும்.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இந்த வகையைத் தொடக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. மழைக்காலத்தில் காய்ச்சலோடு பீரியட்ஸும் சேர்ந்து வந்தால் இன்னும் கவனம்: டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. வலிக்கு அது கொஞ்சம் சுமார்தான், ஆனால் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டாது. 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்துத் தர ஆணையம் மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மாத்திரை எடுக்க ஆரம்பித்த சில வாரங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் வந்து உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, தேதியே நிலையில்லாதவர்கள் முன்கூட்டிப் போடுவது எப்படி? இங்கேதான் நோட்டு வேண்டும். 28 நாள் கணக்குப் போடும் ஆப், 38 நாளுக்கும் 61 நாளுக்கும் நடுவே ஆடும் உடம்புக்குச் சராசரி எடுத்து ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குறித்து வைக்க மட்டும் ஆப் போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி இப்படி இருக்கட்டும்:

"14-ஆம் தேதி. இரவு தொடை கடுப்பு. காலை 6.10 பழுப்புக் கறை, வலி 2. 6.30 இட்லி, மெஃப். 500. 8.30 வலி 3. நாப்கின் 4, கட்டி இல்லை."

போன மாத வரியோடு இதை வைத்துப் பாருங்கள்: "10.45 வலி 8, மெஃப். 500. 1 மணிக்கு வலி 6, வாந்தி." மாத்திரை ஒன்றேதான், நேரம் மட்டும் வேறு. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு என்ற அந்த ஒரு எண்ணைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். டாக்டருக்கு அதிகம் உதவுவது அதுதான்.

ஐந்தாறு சுற்று எழுதினால் உடம்பு கொடுக்கும் முன்னறிவிப்பு பிடிபடும். ஒருவருக்கு மார்பு கனத்து வலிக்கும், ஒருவருக்கு முந்தைய இரவு வயிறு இளகும், ஒருவருக்குத் தொடையும் இடுப்பும் கடுக்கும். பழுப்புக் கறை வந்தால் அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. பைக்குள் ஒரு சின்ன டப்பாவில் இரண்டு மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட், இரண்டு நாப்கின் எப்போதும் இருக்க வேண்டும். தேதி தெரியாதவர்களுக்கு இது கட்டாயம்.

இன்னொன்றும் நோட்டில் தெரியும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. மாதவிடாய்க்கே உரிய அந்தப் பிழியும் வலி பெரும்பாலும் கருமுட்டை வெளியான சுற்றில்தான் வரும். முட்டை வெளியாகாத சுற்றில் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போய், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வலி குறைவாக, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊற்றலாம். ஆகவே தள்ளிப்போவதும் வலியும் ஒரே பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோட்டில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஹாட் பேக் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பக்கவிளைவு மிகக் குறைந்த உதவி அதுதான். சுமார் 39–40 டிகிரி இளஞ்சூட்டை மணிக்கணக்கில் தொடர்ந்து வைத்திருப்பது, கொதிக்கக் கொதிக்கப் பத்து நிமிடம் வைப்பதைவிட நல்லது. ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். பொங்கிய தண்ணீரை இறக்கி ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிநீர் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். மூடியைத் திருகும் முன் பையைத் தட்டையாக அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று நின்றால் பை உப்பி, வயிற்றில் உட்காராமல் உருளும். மூடிக்குள் இருக்கும் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் படுக்கும்போது கசிந்து தொடையைச் சுட்டுவிடும், அதை மாதாமாதம் பாருங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். இரண்டு வருடம் ஆனால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், மாற்றிவிடுவது நல்லது.

கரண்டில் சூடாகும் ஜெல் பை வசதியானது, ஹாஸ்டலில் வெந்நீருக்கு அலைய வேண்டாம். ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் உடம்பில் வைக்க வேண்டும். பிளக் செருகியபடியே மேலே போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது பெரிய ஆபத்து. தையல் ஓரத்தில் ஈரம் தெரிந்தாலோ, தானாக அணையும் சுவிட்ச் அணையாமல் போனாலோ, அந்தப் பையை அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். எந்தப் பையானாலும் நடுவில் ஒரு துண்டு வேண்டும். நேராகத் தோலில் பல மாதம் சூடு வைத்தால் அடிவயிற்றில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். அது தெரிந்தால் சூட்டைக் குறைத்து இடைவெளி விட வேண்டும்.

நடை, சைக்கிள், யோகா எதுவானாலும் வாரம் மூன்று நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் செய்து வந்தால் வலி குறைகிறது என்பது ஆய்வுகளில் நன்றாகவே தெரிகிறது. வலி வரும் நாளில் மட்டும் செய்வதால் அந்தப் பலன் வராது. மாதம் முழுக்கச் செய்ய வேண்டும்.

சமையலறைப் பக்கம்: சுக்குக் கஷாயத்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இஞ்சிப் பொடியை நாளுக்கு முக்கால் கிராம் முதல் 2 கிராம் வரை, முதல் மூன்று நாள் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, நாட்டுச்சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர், இதைக் காலையும் மாலையும் குடிக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். உளுந்தங்களி நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் தேதியை அது சரிசெய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கழற்சிக்காய்ப் பொடியால் "நீர்க்கட்டி கரையும்" என்று சுற்றும் வீடியோக்களை நம்பி ஆறு மாதத்தைக் கழித்துவிடாதீர்கள்.

நீர்க்கட்டி என்ற சொல்லே பயமுறுத்துகிறது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களின் ஸ்கேனில் தெரிபவை பெரும்பாலும் வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு இப்படித் தெரிவது சகஜம் என்பதால், அந்த வயதில் ஸ்கேனை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்றே 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களுக்குச் சுற்று 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். அதைத் தாண்டித் தாண்டிப் போனால் கர்ப்பப் பரிசோதனை முதலில். பிறகு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை, தேவைப்பட்டால் ஆண் ஹார்மோன். எடை கூடியிருந்தால் 5–10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுற்று திரும்பி வருகிறது. 90 நாளுக்கு மேல் வரவில்லை என்றால் "வராதது நிம்மதி" என்று விட்டுவிடக் கூடாது. உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னால் கெடுதல். அதை உதிர வைக்க டாக்டர் சில நாள் மாத்திரை தருவார், நிறுத்திய சில நாளில் வரும்.

கல்யாணம், கோயில் என்று தேதியைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ரத்தக் குழாயில் உறைவு வந்தவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அது கருத்தடை மாத்திரையும் இல்லை. போட்ட மாதத்தை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள், இல்லையென்றால் அந்தத் தேதி முழுக் கணக்கையும் குழப்பிவிடும்.

போக்கு அதிகமா என்பதை நாப்கின் சொல்லும். ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று நனைந்தால், பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வந்தால், ஏழெட்டு நாள் தாண்டினால் ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை போட்டவுடன் டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்படத் தேவையில்லை.

சரியான நேரத்தில், சரியான அளவு மூன்று சுற்று போட்டும் வலி 6-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், வருடத்துக்கு வருடம் கூடுகிறதென்றால், மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ ஆழத்தில் வலிக்கிறதென்றால், பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வலிக்கிறதென்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அது கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது) பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. "கல்யாணமானா சரியாயிடும்" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம். நோட்டைத் திறந்து மேசையில் வைத்து, கடைசி ஆறு சுற்றின் தேதியையும், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்த வலியின் எண்ணையும் காட்டுங்கள்.